பல் ஆட முன்னம் முரசைப் பாருங்கள்: முரசு நோயை அறிந்து தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருஷங்களுக்கு முன்னம் ஒருநாள் காலை, புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று வாயில் கை வைத்தார். கீழ்வாய் முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்தேன். சூத்தை இல்லை, வெடிப்பு இல்லை, வேர்வரை முழுசான பல். வேரைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு பொருக்கு, பழைய சீமெந்துத் தொட்டியில் பாசி காய்ந்து இறுகினது போல. "நோகேல்லையடா, அதுபாட்டுக்குக் கழண்டிட்டுது" என்றார் அம்மா, தென்னையிலிருந்து குரும்பட்டி விழுந்த கதை மாதிரி.

அந்த "நோகேல்லை"தான் இந்த வருத்தத்தின் கள்ளத்தனம். சூத்தைப் பல் இரவிரவாக நித்திரை கொள்ள விடாது, அதனால் மறுநாள் விடியவே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். எங்கள் பேச்சில் முரசு என்பதைத்தான் புத்தகங்களில் ஈறு என்று எழுதுவார்கள். முரசு நோய் சத்தமே போடாது. பத்து, இருபது வருஷம் பல்லின் அடியை அரித்து, பல் ஆடத் தொடங்கும்போதுதான் தன்னைக் காட்டும். அதற்குள் எலும்பு பாதி போயிருக்கும்.

நான் பல் வைத்தியன் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு அலைந்தபோது, "நீங்களும் ஒருக்கா வாயைத் திறவுங்கோ" என்று டொக்டர் என்னையும் கதிரையில் ஏற்றினார். அன்றைக்குத்தான் என் வாயிலும் அதே கதை ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு கேட்டதும் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இங்கே இருப்பவை.

முரசுக்குள் என்ன நடக்கிறது

காலையில் எழும்பியதும் நாக்கால் பல்லின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக ஒரு படை இருக்கும். பலர் அதைச் சாப்பாட்டு மிச்சம் என்று நினைக்கிறார்கள். அது உயிருள்ள கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டின படலம். வாயைக் கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் போகும். ஒருநாள் முழுக்க உரசினாலும் மறுநாள் திரும்ப வரும். அதனால்தான் பல் விளக்குவது ஒருநாளும் முடியாத வேலை.

அந்தப் படலத்தை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை டென்மார்க்கில் 1965 இல் பரிசோதித்துக் காட்டினார்கள். நல்ல முரசுள்ள 12 பேர் பல் விளக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் முரசு சிவந்து வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு கிழமையளவில் பழையபடி ஆகிவிட்டது. இது முதல் கட்டம், முரசு அழற்சி. முரசு மட்டும் வீங்கியிருக்கும், எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, முழுசாகத் திருப்பலாம்.

இரண்டாம் கட்டம் அப்படியில்லை. கிருமிப்படை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் இறங்கி ஒரு பை போலக் குழி ஆக்கும். அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. வேலிக் கதியாலை நினைத்துப் பாருங்கள். மாரி வெள்ளம் அடியிலிருக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போனால் கதியால் ஆடும். கதியால் உக்கியிருக்காது, மண்தான் இல்லை. அம்மாவின் பல் சூத்தையில்லாமல் கழன்றதும் அப்படித்தான்.

இனி கல்லின் கதை. எங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கல்லுத்தண்ணி. கேத்தல் அடியில் வெள்ளையாகப் பொருக்கு பிடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பல்லில் கல் பிடிப்பதும் இந்தத் தண்ணீரால்தான் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் இந்தக் கல்லுக்கு, அதாவது பற்காரைக்கு, வேண்டிய சுண்ணாம்புச் சத்து உமிழ்நீரிலிருந்து வருகிறது. உரசி எடுக்காமல் விட்ட கிருமிப்படையில் அது படிந்து, சில நாளிலேயே இறுகத் தொடங்கும். அதனால்தான் உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடங்களுக்குப் பக்கத்தில், கீழ் முன்பல்லின் உட்பக்கத்திலும் மேல் கடைவாயின் வெளிப்பக்கத்திலும், கல் கூடுதலாக இருக்கும். போத்தல் தண்ணீர் வாங்கிக் குடித்தால் கல் பிடிக்காது என்று காசைக் கரைக்க வேண்டாம்.

எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் ஆய்வு எங்கள் இலங்கையிலேயே நடந்தது. 1970 இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கி, 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பல் வைத்தியமோ பிறஷோ எட்டாத வாழ்க்கை. ஏறக்குறைய 8 வீதமானவர்களுக்கு நோய் வேகமாக ஓடியது, 81 வீதமானவர்களுக்கு மெல்ல மெல்ல, 11 வீதமானவர்களுக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. இன்னொன்று: அவர்களில் சூத்தைப் பல் அநேகமாக இல்லை. சூத்தை இல்லை, அதனால் என் பல் நல்ல பல் என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒன்றே போதும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியில் நிறைய. எங்கள் ஊரில் ஒரு ஐயாவுக்கு இதைச் சொன்னேன். "எங்கட ஆக்களின்ர வாயைப் பாத்துத்தான் உலகம் படிச்சதோ" என்று சிரித்தார். அவருக்கு மேல்வாயில் இரண்டு பல்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் பல் ஆடியிருந்தால், நீங்கள் அந்த 8 வீதத்துக்குள் இருக்கலாம் என்று நினைத்து, கீழே சொல்பவற்றை இன்னும் இறுக்கமாகப் பிடியுங்கள்.

படி 1: கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிஷம்

பகல் வெளிச்சத்தில், இல்லாவிட்டால் போன் லைற்றை அடித்து, உதட்டை இழுத்துப் பாருங்கள். நல்ல முரசு பல்லோடு ஒட்டி, இறுக்கமாக, விளிம்பு மெல்லியதாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு முரசு கறுப்பாகவோ மண்ணிறமாகவோ திட்டுத்திட்டாக இருப்பது இயற்கை, அது நோய் இல்லை. நிறத்தை விட விளிம்பைக் கவனியுங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலிருக்கும் முக்கோண முரசு தடித்து உருண்டிருக்கிறதா, மினுங்குகிறதா, பிறஷ் பட்டால் இரத்தம் வருகிறதா?

அப்புறம் மற்ற அடையாளங்கள். காலையில் தலையணையில் இரத்தக் கறை, பக்கத்தில் இருந்து கதைக்கிறவர் முகத்தைத் திருப்பும் வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டது போலத் தெரிவது, முன்பற்களுக்கு நடுவில் புதிதாக இடைவெளி விழுவது, அழுத்தினால் சீழ், கடித்தால் பல் அசைவது. இவற்றில் கடைசி நாலில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது, நேரே ஆறாம் படிக்குப் போங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பீடி, சிகரெட், சுருட்டு பிடிப்பவர்களுக்கு முரசில் இரத்தம் குறைவாகவே வரும். புகை இரத்தக்குழாய்களைச் சுருக்கி, நோயை மூடி மறைக்கிறது. இரத்தம் வராததை நல்ல அடையாளமாக எடுக்க வேண்டாம். மற்றது, மாரி காலத்தில் காய்ச்சலோடு முரசில் இரத்தம் வந்தால் அது பல் பிரச்சினை என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு இருக்காதீர்கள். டெங்கு அப்படியும் காட்டும். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் எதுவும் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் இல்லாமல் உடம்பில் காரணமின்றி நீலத் தழும்புகள் வந்து, முரசிலும் இரத்தம் கசிந்தாலும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

படி 2: பல் விளக்குவதைத் திரும்பப் பழகுவது

சிரிக்காதீர்கள். நான் நாற்பத்திரண்டு வயதில் திரும்பப் பழகினேன்.

எங்கள் ஊரில் காலையில் பாருங்கள். பிறஷை வாயில் வைத்துக்கொண்டு வளவு முழுக்க ஒரு சுற்று, படலையடியில் நின்று ரோட்டால் போகிறவரோடு நாலு கதை, மாட்டை அவிழ்த்துக் கட்டுவது. வாயில் நுரை பதினைந்து நிமிஷம் இருக்கும். உரசுப்படுவது வலது பக்க முன்பற்களின் வெளிப்பக்கம் மட்டும். நேரம் நிறையச் செலவாகிறது, கிருமிப்படை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? தலை சின்னதான, மென்மையான நாருள்ள பிறஷ் வாங்குங்கள். வன்மையான பிறஷ் நன்றாக ஊத்தையை எடுக்கும் என்பது பிழை. அது முரசைத் தேய்த்துக் கீழே இறக்கிவிடும். நாரைப் பல்லின் நடுவில் வைக்காமல், பல்லும் முரசும் சந்திக்கும் விளிம்பில் வையுங்கள், 45 பாகை சாய்வாக, நார்முனை முரசைப் பார்த்தபடி. அங்கேயே நின்று சின்னதாக நடுக்குவது போல அசையுங்கள், பத்துத் தடவை. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பல்தான். பிறகு அடுத்த இரண்டு மூன்று. மேல்வாய் வெளிப்பக்கம் ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்வரை, பிறகு அதே வரிசையின் உட்பக்கம், அப்புறம் கீழ்வாயும் அதேபோல. முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிறஷை நெட்டாகப் பிடியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்தால் எந்த மூலையும் தவறாது. இரண்டு நிமிஷம் போதும். கடைசியாக நாக்கையும் ஒருமுறை தேயுங்கள்.

பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். டொக்டர் பிறஷை என் கையிலிருந்து வாங்கி, பேனை பிடிப்பது போல விரல்நுனியில் திருப்பித் தந்தார். "இப்பிடிப் பிடிச்சா உங்களால அமத்தவே ஏலாது." உண்மை. கைமுட்டியால் பிடித்தால்தான் சட்டி தேய்க்கும் பலம் வருகிறது. என் மேல்வாய்க் கடைவாய்ப் பக்கத்தில் முரசு இறங்கி வேர் தெரிந்ததற்கு அந்தச் சட்டித் தேய்ப்புத்தான் காரணம்.

பிறகு இரத்தம். புதிதாக இப்படி விளக்கத் தொடங்கினால் முதல் சில நாள் இரத்தம் கூட வரும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள், இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். தொடாத இடத்தில் படை தடிக்கும், வீக்கம் கூடும், இன்னும் இரத்தம் வரும். இரத்தம் வருகிற இடத்தில்தான் மெதுவாக, ஆனால் கூடுதல் கவனமாக விளக்க வேண்டும். ஒரு கிழமை, பத்து நாளில் குறைய வேண்டும். இரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தும் நிற்காவிட்டால், உங்கள் பிறஷ் எட்டாத ஆழத்தில் கல் இருக்கலாம்.

நாளுக்கு இரண்டு முறை. ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், கிருமிக்கு அது விளைச்சல் காலம். புளோரைட் உள்ள பற்பசை, பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். துப்பிவிட்டு, தண்ணீரால் வாயை அலசி அலசிக் கொப்பளிக்காமல் விட்டால் புளோரைட் கொஞ்ச நேரம் பல்லில் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு முன்னமே நார் விரிந்தால் அப்போதே, பிறஷை மாற்றுங்கள்.

உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கல் தூள் பற்றி ஒரு வார்த்தை. இடப்பெயர்வுகளில் பற்பசை கிடைக்காத காலத்தில் எல்லாரும் இவற்றால்தான் சமாளித்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவை அரம் போல. பல்லின் மேல் ஓடான மிளிரியைத் தேய்த்துக் கூச்சத்தைக் கொண்டுவரும். வேப்பங்குச்சி பரவாயில்லை. நுனியை நன்றாக மென்று நாராக்கி, மெதுவாக முரசு விளிம்பில் தேய்க்கத் தெரிந்தால் அது வேலை செய்யும். கடைவாயின் உட்பக்கத்துக்குத்தான் எட்டாது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று பழமொழி சொல்வார்கள். அதில் வரும் வேல் வேம்பு என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள், அது வேலமரம்.

படி 3: இரண்டு பல்லுக்கு நடுவில்

முரசு நோய் பெரும்பாலும் தொடங்குவது பிறஷ் நுழையாத இந்தச் சந்துகளில். இதற்கு எங்கள் ஊர் ஆயுதம் ஈர்க்கு. சாப்பிட்டு முடிந்ததும் கூரை ஓலையில் ஒன்றை முறித்துக் குத்துவது. இன்னும் மோசம், சட்டையில் குத்தின ஊசி. இரண்டும் முரசைக் கிழித்து, சந்தைப் பெரிதாக்கி, அதற்குள் இன்னும் சாப்பாடு அடைய வைக்கும்.

சந்து இறுக்கமாக இருந்தால் பல் நூல். ஒரு முழம் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, வாள் இழுப்பது போல முன்பின்னாக அசைத்து மெல்ல இறக்குங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் முரசை வெட்டும். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தபடி மேலும் கீழுமாகத் தேய்த்து, பிறகு பக்கத்துப் பல்லையும் அப்படியே. சந்து ஏற்கனவே அகலமாக இருந்தால் நூலை விட, போத்தல் கழுவும் பிறஷின் குட்டி போல இருக்கும் இடைப்பல் பிறஷ் நல்லது. ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், நெருக்கித் திணிக்கக் கூடாது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கக் கடைகளில் இவை கண்ணில் படுவதில்லை. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும்போது பெரிய பார்மசியில் கேட்டு, இரண்டு மூன்று சேர்த்து வாங்கி வையுங்கள். கழுவித் திரும்பப் பாவிக்கலாம்.

கை ஒன்றை இழந்தவர்கள், விரல்கள் மடங்காதவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர். எல்லா வழிகாட்டியும் இரண்டு கையும் உள்ளவருக்கே எழுதப்படுகிறது. ஒரு கையால் பல் நூல் போட ஏலாது, ஆனால் இடைப்பல் பிறஷுக்கு ஒரு கை போதும். கைப்பிடியோடு வரும் நூலும் இருக்கிறது. பிடி பலமில்லாதவருக்கு, பிறஷின் காம்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கமாகச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள். எங்கள் அயலில் ஒரு அண்ணர் அப்படித்தான் செய்கிறார். பற்பசையை பிறஷில் வைக்கவும் அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். ரியூப்பை மேசை விளிம்பில் முழங்கையால் அமத்தி, நேரே வாய்க்குள் கொஞ்சம் பிதுக்கிக்கொள்வார்.

படி 4: வெற்றிலைத் தட்டமும் பீடிக்கட்டும்

இதுதான் வீட்டில் சண்டை வரும் படி. அம்மாவின் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு மூலையில் புகையிலைத் துண்டு. பகல் முழுக்க கொடுப்புக்குள் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார். அந்தப் பக்கத்துப் பற்கள்தான் முதலில் போயின. பாக்கு பல்லைத் தேய்க்கும், புகையிலை முரசை இறக்கும், காவி படிந்த பல்லின் கரடில் கிருமிப்படை இலகுவாக ஒட்டும்.

முரசோடு நின்றால் பரவாயில்லை. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைக் கூட்டு புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்று முன்னணியில் நிற்கிறது. கொடுப்பில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று கிழமை ஆகியும் ஆறாத புண், வாய் வரவர திறக்க முடியாமல் போவது, உறைப்புப் பட்டால் எரிவது: இதில் எது இருந்தாலும் காட்டுங்கள்.

அம்மா முழுசாக விடவில்லை. முதலில் புகையிலையை எடுத்தோம், பிறகு இரவில் வாயில் வைத்துக்கொண்டு படுப்பதை நிறுத்தினோம். இப்போது செத்தவீடு, கோயில் என்று போனால் ஒரு வாய், புகையிலை இல்லாமல். அதுவும் ஆபத்தில்லாதது இல்லை, ஆனால் எழுபது வயதில் இவ்வளவு வந்ததே பெரிய காரியம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கோ நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூட, வைத்தியம் செய்தாலும் முரசு ஆறுவது மெதுவாகத்தான்.

படி 5: உடம்பில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

சீனி வருத்தமும் முரசு நோயும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு வேகமாகக் கெடும். கெட்ட முரசின் அழற்சி சீனியைக் கட்டுப்பட விடாது. முரசுக்கு முறையான வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சீனிக் கணக்கான ஹெச்.பி.ஏ.1.சி சராசரியாக 0.3 முதல் 0.4 வீதப்புள்ளி வரை இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குளிசைக்குப் பதில் இல்லை, ஆனால் குளிசையோடு சேர்ந்து நல்ல துணை. சீனி கிளினிக்குக்குப் போகும் அன்றே பல் பிரிவுக்கும் ஒரு எட்டுப் போய்வரலாம்.

பிரஷருக்கு எடுக்கும் நிபெடிபின், அம்லோடிபின், வலிப்புக்கு எடுக்கும் பெனிற்ரோயின் போன்ற மருந்துகளால் சிலருக்கு முரசு தடித்துப் பல்லை மூடும். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, தந்த டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பல் நோவுக்கு என்று கடையில் டைக்குளோபெனக்கோ இபுபுரோபனோ வாங்கிப் போடவே கூடாது. இதய வால்வு வருத்தம் இருந்தால் கல் எடுக்க முன்னமே பல் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் கொஞ்சப் படைக்கே முரசு பெரிதாக வீங்கும். "பிள்ளைக்கொரு பல்லு" என்று கிழவிகள் சொல்வார்கள், பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதாக. அப்படி ஒன்றும் நடப்பதில்லை. கர்ப்பவதிகளைப் பல் பிரிவுக்கு அனுப்பும் ஏற்பாடு எங்கள் கிளினிக்குகளில் இருக்கிறது, குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். கல் எடுப்பது கர்ப்பத்தில் ஆபத்தில்லை, நடு மூன்று மாதம் மிகவும் வசதியான காலம்.

படி 6: பல் கதிரையில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பல் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும். ஒருமுறை மூன்று மணித்தியாலம் இருந்த பிறகு மெஷின் பழுது என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் கல் எடுப்பதற்குத் திகதி தருவார்களா என்று முதல் நாளே கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் முரசுக்குழியை அளப்பார்கள். எனக்கு டொக்டர் அளந்து சொல்ல, பக்கத்தில் நின்ற பிள்ளை எழுதினாள். "மூண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு, மூண்டு, நாலு." கடைவாய்க்கு வந்ததும் டொக்டர் ஒருகணம் நின்றார். "ஆறு." மூன்று வரை நல்லது, நாலிலிருந்து கவனிக்க வேண்டும். ஆறில் பிறஷும் எட்டாது, நூலும் எட்டாது. எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு மேட்டுக்காணி ஓரத்தில் வெட்டின கான் மாதிரிச் சரிந்து இறங்கியிருந்தது.

முதலில் மேல் கல்லை எடுப்பார்கள், அதிரும் முனையும் தண்ணீர்த் தூவலுமாக. கூசும், பெரிதாக நோகாது. குழி ஆழமாக இருந்தால் விறைக்க ஊசி போட்டு, முரசுக்குக் கீழே வேர்வரை துப்புரவாக்குவார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நாள் வரச் சொல்வார்கள். ஆறு எட்டு கிழமைக்குப் பிறகு திரும்ப அளந்து, அதற்கும் அடங்காத ஆழக் குழிக்கு மட்டும் சத்திரசிகிச்சை பற்றிக் கதைப்பார்கள்.

"கல் எடுத்தால் பல் ஆடும்" என்பது வன்னியில் நான் அதிகம் கேட்ட வசனம். இது எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. எலும்பு கரைந்த பற்களைக் கல்தான் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். கல்லை எடுத்ததும் உள்ள ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றுவதால் சந்தும் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கொஞ்சநாள் கூசும். கல் இருந்தால் ஆட்டம் தெரியாதே தவிர, அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

கடையில் அமொக்சிசிலினோ மெற்றோனிடசோலோ வாங்கிப் போட்டு நோயை மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கல் உள்ளே இருக்க, குளிசை வீக்கத்தைச் சில நாள் அடக்கும், அவ்வளவுதான். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் நம்பர், வரிசை ஒன்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

வாய்க்கழுவிகளும் வீட்டு மருந்தும்

இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு ரம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பு, வீங்கின முரசுக்கு ஆறுதல். கராம்பு எண்ணெய் நோவை விறைக்கவைக்கும், ஆனால் முரசில் நேராகத் தடவினால் எரிந்து புண்ணாகும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது கெடுதல் இல்லை, பிறஷுக்குப் பதிலும் இல்லை. தேசிக்காயைப் பல்லில் தேய்ப்பதை நிறுத்துங்கள், புளி மிளிரியைக் கரைக்கும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி, 0.2 வீதம், பல் டொக்டர் சொன்னால் 10 மில்லிலீற்றர் ஒரு நிமிஷம், இரண்டு கிழமை அளவுக்கு மட்டும். நீள எடுத்தால் பல்லும் நாக்கும் மண்ணிறமாகும். பற்பசைக்கும் அதற்கும் இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை பற்பசை அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். எட்டு வயதுவரை விளக்கிவிடுவது பெரியவர் வேலை. வவுனியா மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் கூட இருப்பதால் பிள்ளைகளின் பல்லில் வெள்ளை, மண்ணிறக் கோடுகள் விழும். அது முரசு நோயோ ஊத்தையோ இல்லை, தேய்த்தால் போகாது. தேய் தேய் என்று பிள்ளையை அடிக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

படி 7: திரும்பத் திரும்பப் போவது

2009 இல் முள்ளிவாய்க்காலிலும் பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் இருந்த ஒருவரிடம் அப்போது பல் விளக்கினீர்களா என்று கேட்பது விசர்க் கேள்வி. குடிக்கிற தண்ணீருக்கே வரிசை. அதற்கு முன்னமும் எத்தனை வருஷம் ஒழுங்கான பல் வைத்தியம் எட்டாத வாழ்க்கை. இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் வன்னி ஆட்களின் எலும்பில் அந்தக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் "கவனமில்லாத சனம்" என்று யாராவது கதிரையில் வைத்து ஏசினால் வெட்கப்பட்டு ஓடாதீர்கள். அடுத்த திகதியைக் கேட்டு வாங்குங்கள்.

எலும்பு கரையும் கட்டத்துக்குப் போனவருக்கு மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ, டொக்டர் சொல்வது போல. கட்டுப்பல் போட்டவர்கள் அதை இரவில் கழற்றி, பிறஷால் கழுவி, தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள். கம்பி பிடித்திருக்கும் சொந்தப் பல்லைக் கூடுதலாக விளக்க வேண்டும், அடுத்துப் போவது அதுதான்.

அம்மாவுக்கு இப்போது கீழ்வாயில் ஐந்து பல்லும் ஒரு கட்டுப்பல்லும். அந்த ஐந்தும் ஆடவில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டம் இருந்த இடத்தில் இருக்கும் ரம்ளரில் கட்டுப்பல்லைப் போட்டுவிட்டு, கிணற்றடி லைற்றுக்குக் கீழே நின்று ஒவ்வொரு பல்லாக எண்ணி விளக்குவார். எனக்குக் கடைசியாக அளந்தபோது அந்தக் கடைவாயில் டொக்டர் "நாலு" என்றார். அடுத்த திகதி தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, கொப்பியில் எழுதியிருக்கிறது.